கல்லும் மெழுகும்: சிற்பக்கலை – வாசகர் கேள்வி பதில்

சிற்பக்கலை பற்றி வந்த கடிதங்களில் பாதி, "அழகு என்றால் என்ன?" என்று கேட்கின்றன. மீதிப் பாதி, "என் வார்ப்பு ஏன் கெட்டது?" என்று கேட்கின்றன. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க மனம் வரவில்லை. கல்லிலும் உலோகத்திலும் வேலை செய்யும் சிற்பிகள் கலந்தே பதில் தருகிறார்கள்.

கேள்வி: சாஸ்திர அளவு எதுவும் பிசகாமல் செய்த சிலைகூடச் சில சமயம் மரக்கட்டை மாதிரி நிற்கிறதே, ஏன்? அழகு அளவில்தான் இருக்கிறது என்றால், அளவு தெரிந்த எல்லோரும் நல்ல சிலை செய்துவிடலாமே! (கும்பகோணம் வாசகர்)

முதலில் அந்த அளவு என்னவென்று பார்த்துவிடுவோம். சிவன், திருமால், பிரம்மா ஆகியோருக்கு உரியது உத்தம தசதாளம் என்ற அளவுமுறை. சிலையின் மொத்த உயரத்தை 124 பங்காகப் பிரிக்க வேண்டும். உச்சியிலிருந்து நெற்றியின் முடிக்கரை வரை 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்தடியிலிருந்து மார்பு வரை 13½, அங்கிருந்து தொப்புள் வரை 13½, தொப்புளிலிருந்து தொடை தொடங்கும் இடம் வரை 13½. கூட்டிப் பாருங்கள், 62 வரும். தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. இதுவும் 62. உடம்பின் சரிபாதி தொடை தொடங்கும் இடத்தில் விழுகிறது. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், அதனால்தான் அவர் குட்டையாக, தலை பெரிதாக இருக்கிறார்.

இந்தப் பங்குக்கு 'அங்குலம்' என்று பெயர். கடையில் வாங்கும் அளவுநாடாவின் அங்குலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. சிலை எவ்வளவு உயரமோ அதற்குத் தக்கபடி அங்குலமும் மாறும். 62 செ.மீ. உயரச் சிலையில் ஓர் அங்குலம் 5 மி.மீ.; முகம் 6.75 செ.மீ., தொடை 13.5 செ.மீ. சுவாமிமலைப் பட்டறைகளில் இதற்குக் கணக்கே போடுவதில்லை. தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு குறித்துக்கொள்வார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். அடுத்த சிலைக்கு அடுத்த ஓலை. ஓலையே அந்தச் சிலையின் அளவுகோல் என்பதால் தப்பு நேர வழி குறைவு.

சரி, மரக்கட்டைக்கு வருவோம். மேலே சொன்ன கணக்கு முழுவதும் உயரக் கணக்கு. எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதை அது சொல்லாது. புதியவர்களின் சிலைகள் கெடும் இடம் பெரும்பாலும் இதுதான். திரிபங்கத்தில், அதாவது உடல் மூன்று இடத்தில் வளைந்த நிலையில், ஒரு சிலையை நிறுத்துகிறீர்கள். உடல் எந்தக் காலில் ஊன்றுகிறதோ அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும்; அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும்; தலை மறுபடி சாய்ந்து அதைச் சமன் செய்யும். மூன்று வளைவும் ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்ல வேண்டும். இடுப்பை மட்டும் வளைத்துவிட்டுத் தோளை மட்டமாக விட்டால், ஆளைப் பிடித்துத் தள்ளியதுபோல் இருக்கும். தூக்குநூல் பிடித்துப் பாருங்கள். கழுத்துக் குழியிலிருந்து தொங்கும் நூல், ஊன்றிய காலின் குதிகாலுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். இரண்டு பாதத்துக்கும் வெளியே போய்விட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது; ஆனால் 'விழப்போகிறது' என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்த பிழை, முன்பக்கத்தை மட்டும் அளந்து செய்வது. அந்தச் சிலையைப் பக்கவாட்டில் பார்த்தால் பலகை. மார்பின் எழுச்சி, வயிற்றின் உள்வாங்கல், பிட்டத்தின் பின்தள்ளல் மூன்றும் சேர்ந்து ஓர் அலைபோல் போக வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே விளக்கைச் சிலையின் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடியுங்கள். பகலில் மறைந்திருந்த தட்டைகள் எல்லாம் கறுத்து எழுந்து நிற்கும்.

மூன்றாவது பிழை பொறுமையின்மை. உடம்பு முடியும் முன்பே ஆரத்தைச் செதுக்கத் தொடங்கிவிடுவது. ஆரத்தில் பூ விழுந்த பிறகு, 'மார்பில் இன்னும் 2 மி.மீ. எடுத்தால் நன்றாயிருக்கும்' என்று தெரிந்தாலும் எடுக்க முடியாது. எந்த ஆபரணமும் இல்லாமலே சிலை நிற்க வேண்டும். அப்படி நிற்காததை நகை போட்டு நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் இன்று விற்பனைக்கு வரும் சிலைகளில் பாதி உருவாகின்றன.

கேள்வி: கிரேக்கச் சிலைகளில் தசை, நரம்பு எல்லாம் தெரிகிறது. நம் சிற்பிகளுக்கு உடற்கூறு தெரியாதா? (கோவை கல்லூரி மாணவி)

மாமல்லபுரத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாறையில் உள்ள தவக் காட்சியைப் பாருங்கள். ஒற்றைக் காலில் கை உயர்த்தி நிற்கும் தவசியின் விலா எலும்புகளை எண்ணலாம். சோழர் செப்புத் திருமேனிகளில் காரைக்கால் அம்மையாரைப் பாருங்கள்: வற்றிய மார்பு, துருத்திய எலும்பு, ஒட்டிய வயிறு. தெரியாதவர்கள் செய்யக்கூடிய வேலையா அது? எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டியிருக்கிறார்கள். மற்ற இடத்தில் வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

தெய்வ உருவுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி மனித தசை கிடையாது. தோளுக்கு யானைத் துதிக்கை, தொடைக்கு வாழைத்தண்டு, உடலுக்குக் காளையின் முகம், மோவாய்க்கு மாங்கொட்டை, கண்ணுக்குக் கயல். இவை வெறும் கவிதை உவமைகள் என்று நினைக்க வேண்டாம், பட்டறைக் குறிப்புகள். 'முன்கையை இங்கே பருமனாக்கி இங்கே மெலிதாக்கு' என்று பத்து வரியில் சொல்ல வேண்டியதை 'இளவாழைத்தண்டு' என்ற ஒரு சொல் சொல்லிவிடும். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திய உடம்பு எப்படி உள்ளிருந்து விம்முமோ அந்த விம்மலைத்தான் அவர்கள் தேடினார்கள். இதற்கு ஒரு நடைமுறை நியாயமும் உண்டு என்பது எங்கள் எண்ணம். கருவறையில் இருப்பது எண்ணெய் விளக்கின் சிறு ஒளி. முறுக்கிய தசைகள் அந்த ஒளியில் கறுப்புத் திட்டுகளாகவே தெரியும். வழவழப்பான விம்மிய பரப்பில்தான் அந்த வெளிச்சம் வழுக்கி இறங்கும்.

கேள்வி: ஆண் கல், பெண் கல், அலி கல் என்பதெல்லாம் மூடநம்பிக்கைதானே? (சேலம் வாசகர்)

பெயரை விட்டுவிட்டுச் சோதனையைப் பாருங்கள். கல்லைத் தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிப்பது ஆண் கல். தாளம்போல் மென்மையாக ஒலிப்பது பெண் கல். ஓசை செத்துப்போய் 'தொப்' என்று கேட்பது அலி கல். முதல் வகை மூலவருக்கு, இரண்டாவது தேவியருக்கும் பீடத்துக்கும், மூன்றாவது தரைக்குப் பாவ. இப்படிப் போகிறது மரபு. பிளவோ பொடிந்த பகுதியோ இல்லாத கல்லில் அதிர்வு தடையின்றி ஓடும். உள்ளே விரிசல் இருந்தால் அங்கே அதிர்வு செத்துவிடும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே சோதனைதான்.

தட்டிப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மணலில் புதைந்து கிடக்கும் கல்லைத் தட்டி 'ஓசை இல்லை' என்று ஒதுக்கிவிடாதீர்கள். மணல் அதிர்வை விழுங்கிவிடும். இரண்டு மரக்கட்டைகள் மேல் கல்லை ஏற்றி வைத்து, நான்கைந்து இடங்களில் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓசை மங்கினால் அங்கே ஏதோ இருக்கிறது. பிறகு கல் முழுவதும் தண்ணீர் ஊற்றி நிழலில் விடுங்கள். பரப்பு காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுப்பாக ஈரம் பிடித்து நின்றால், அது விரிசல். நிறம் மட்டும் மாறிய கோடு என்றால் மற்ற இடத்தோடு சேர்ந்தே காய்ந்துவிடும். நிறக்கோடு முகத்தில் வராமல் கல்லைத் திருப்பிக்கொள்ளலாம். விரிசல் கோடு கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மெலிந்த இடங்களில் வந்தால் அந்தக் கல் வேண்டவே வேண்டாம்.

கல் வாங்கும்போது எடைக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.7 டன். ஒரு மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம், 40 செ.மீ. கனம் உள்ள கல்லே 540 கிலோ வரும். இரண்டு பேர் சேர்ந்து புரட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போக வேண்டாம்.

(ஒரு கொசுறு: சென்னைப் பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் வகைக்குச் 'சார்னோகைட்' என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் கல்லறைக்கு வைத்த கல்லும் அதே வகை என்பதால், 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர் அது.)

கேள்வி: கருங்கல் சிலையை மெருகேற்றும்போது வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. (செங்கல்பட்டு, இளம் சிற்பி)

அது கல்லின் காயம். பளிங்கில் உள்ள கால்சைட் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 3தான். உளி அதைச் சீவும். கருங்கல்லில் உள்ள பெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. எஃகு உளியால் அதைச் சீவ முடியாது, நொறுக்கத்தான் முடியும். கூருளியைச் செங்குத்தாகப் பிடித்து ஓங்கி அடித்தால், மேலே ஒரு சில்லு பறக்கும். அதே அடி, கீழே 2, 3 மி.மீ. ஆழம் வரை படிகங்களை நொறுக்கிவிடும். அங்கே ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. இப்போது தேய்த்துப் போக்க வேண்டுமானால் அந்த ஆழம் வரை முழுப் பரப்பையும் இறக்க வேண்டும். மூக்கு நுனியில் அது நடக்காது.

தடுப்பது எளிது. இறுதிப் பரப்புக்கு மேல் 5 மி.மீ. மிச்சம் இருக்கும்போதே கனமான சுத்தியலைக் கீழே வையுங்கள். உளியை 45 டிகிரிக்குச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி, வரிசை வரிசையாகப் பொளிந்து இறக்குங்கள். கடைசி 2 மி.மீ.யைத் தேய்த்தே எடுக்க வேண்டும். தேய்ப்புக்கல்லின் நம்பர் 60, 120, 220, 400 என்று வரிசையாகப் போகட்டும். நடுவில் ஒன்றைத் தாவினால் முந்தையதன் கீறல் கடைசிவரை கூடவே வரும்.

உளியின் முனையையும் பாருங்கள். மழுங்கிய உளிதான் அதிகம் காயப்படுத்தும். உலையில் காய்ச்சித் தட்டி, தண்ணீரில் தோய்க்கும்போது முனை வைக்கோல் நிறம் தாண்டி நீலத்துக்குப் போய்விட்டால் இளகிவிட்டது என்று பொருள். பத்து அடியில் மழுங்கும். நிறமே ஏறாமல் முழுச் சூட்டில் தோய்த்தது என்றால் முனை கண்ணாடிபோல் உடைந்து பறக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்த வேலை செய்ய வேண்டாம்.

கேள்வி: ஒன்றரை அடியில் மெழுகு உருவம் செய்து வார்த்தோம். விரல்கள் விழவில்லை, முதுகில் ஒரு குழி, தோளில் தகடுபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே தவறினோம்? (மதுரை, சிற்பக்கலை மாணவர்கள்)

மூன்றும் மூன்று வெவ்வேறு தவறுகள். வேலையை முதலிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் எங்கே நுழைந்தது என்று தெரியும்.

மெழுகுக் கலவையில் மெழுகு 4 பங்கு, குங்கிலியம் 4 பங்கு, கடலை எண்ணெய் 1 பங்கு. உருக்கி, துணியில் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் விட வேண்டும். கோடையில் எண்ணெயைக் கொஞ்சம் குறைக்கலாம். தலை, உடல், கைகால் தனித்தனியாகச் செய்து, சூடான இரும்பால் ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தில் ஊசி நுழையும் இடுக்கு இருந்தாலும் மண் உள்ளே புகும். வார்ப்பில் அது வெட்டுக்காயமாகத் தெரியும்.

பிறகு மண் பூச்சு. முதல் பூச்சு காவிரி வண்டல் மண். அதோடு உமிக்கரியை நன்றாக அரைத்துச் சேர்க்க வேண்டும். இந்தப் பூச்சு சுமார் 3 மி.மீ. இருந்தால் போதும், மெழுகில் போட்ட ஒவ்வொரு கோட்டையும் பிடித்துக்கொள்ளும் பூச்சு இதுதான். இரண்டாவது, வயல் களிமண்ணும் மணலும். மூன்றாவது, இன்னும் பருமணலாக. பெரிய சிலைக்கு இரும்புக் கம்பி சுற்றிக் கட்டுவார்கள். ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் சுருங்கி, உள்ளே ஈரம் நின்று, வெடிப்பு விடும். உலோகம் அந்த வெடிப்பில் புகுந்து தகடாக நிற்கும். உங்கள் தோள் தகடு அங்கிருந்து வந்தது. அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

உலோகக் கணக்கு: ஊற்றுவாய், காற்றுவழிக்கு வைத்த மெழுகுக் குச்சிகளையும் சேர்த்து மொத்த மெழுகையும் எடை போடுங்கள். ஒரு கிலோ மெழுகுக்கு 8 முதல் 9 கிலோ உலோகம். வெண்கலத்தின் அடர்த்தி மெழுகுக் கலவையைப்போல் அவ்வளவு மடங்கு; வேறு ரகசியம் இல்லை. உலோகம் உருக்கும் மூசையில் ஒட்டி நிற்பதற்கும் கசடுக்கும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் உலோகம் தீர்ந்துபோனால், மிச்சத்தை உருக்கி மறுபடி ஊற்றி ஒட்ட வைக்க முடியாது.

வறட்டித் தீயில் கருவை (மண் பூசிய அச்சை) சுட்டு மெழுகை வடித்த பிறகு, கரு சூடாக இருக்கும்போதே குழியில் இறக்கி, சுற்றி மண் இட்டு இறுக்கி, ஊற்ற வேண்டும். உலோகம் சுமார் 1,100 முதல் 1,150 டிகிரி செல்சியஸ் இருக்கும். கரு ஆறிப்போயிருந்தால் மெலிந்த விரல்களுக்குள் போகும் வழியிலேயே உலோகம் உறைந்துவிடும். விரல் நுனியிலிருந்து காற்று வெளியேற வழி இல்லாவிட்டாலும் இதே கதிதான்: சிக்கிய காற்று உலோகத்தை உள்ளே விடாது. ஒவ்வொரு விரல் நுனியிலிருந்தும் ஒரு மெல்லிய மெழுகுக் குச்சி மேல்நோக்கி வரட்டும். விரல்கள் விழாததற்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம், பெரும்பாலும் இரண்டும்.

முதுகுக் குழி, சுருக்கத்தால் வந்தது. நம் திருமேனிகள் உள்ளே பொள்ளல் இல்லாத கன வார்ப்பு. உடலின் பருத்த பகுதி கடைசியாக உறையும். உறையும்போது சுருங்கும், சுருங்கும் இடத்துக்கு உலோகம் வேண்டும். ஊற்றுவாய் மெலிதாக இருந்து, உடம்புக்கு முன்பே உறைந்துவிட்டால், உடம்பு தன் முதுகிலிருந்தே இழுத்துக்கொள்ளும். ஊற்றுவாயைப் பருத்த பகுதியோடு சேர்த்து, அதைவிடத் தாமதமாக உறையும் அளவுக்குத் தடிமனாக வையுங்கள். மொத்த உருவமும் 1.5 முதல் 2 சதவீதம் வரை சிறுக்கும் என்பதையும் அளவெடுக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும், 60 செ.மீ. சிலையில் அது சுமார் ஒரு செ.மீ.

கருவில் துளி ஈரம் இருந்தாலும் உலோகம் பட்டதும் நீராவியாகி வெடித்துச் சிதறும். இது அழகு பற்றிய விஷயம் இல்லை, உயிர் பற்றியது. ஊற்றும் இடத்தில் தோல் செருப்பாவது வேண்டும். நைலான் உடை கூடாது.

கேள்வி: ஐம்பொன் என்றால் அதில் எவ்வளவு தங்கம்? (திருச்சி வாசகி)

பெயரில் இருக்கும் அளவுக்கு உள்ளே இருக்காது. சுவாமிமலையில் வழங்கும் ஒரு கணக்கு: செம்பு 82, பித்தளை 15, ஈயம் 3 சதவீதம். தங்கமும் வெள்ளியும் சடங்குக்காகச் சிறிது சேர்ப்பார்கள். தங்கம் இருக்கும் என்று திருமேனியைத் திருடி உருக்கியவர்கள் எல்லாம் ஏமாந்துதான் போனார்கள்.

கேள்வி: உற்சவருக்குப் பட்டு உடுத்தி, மாலை சாத்தி, முகமும் கையும் மட்டும்தான் தெரிகிறது. பிறகு எதற்காக முதுகுவரை அவ்வளவு வேலை? (மயிலாடுதுறை வாசகி)

பலர் இதற்கு 'பக்தி' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் பயனிலிருந்து தொடங்கினால் இன்னும் தெளிவாக விளங்கும். உற்சவர், பெயருக்கேற்றபடி, வெளியே போகிறவர். தோளில் சுமந்து ஆட்டி ஆட்டித் தூக்கிச் செல்வார்கள். நாற்புறமும் மக்கள் நிற்பார்கள். அபிஷேகத்தின்போது ஆடை இல்லை. ஆகவே நான்கு பக்கமும் பார்வைக்கு உரியவைதான். பீடத்தில் கழி நுழைக்க வளையமும் துளையும் வைத்திருப்பதும், எடை கீழே தங்கும்படி பத்ம பீடத்தை அகலமாக வைப்பதும் இந்த ஆட்டத்தைத் தாங்குவதற்காக.

ஆடவல்லானைப் பாருங்கள். ஒற்றைக் கணுக்காலில் மொத்த எடை. பல திருமேனிகளில் விரிந்த சடையும் இடைக்கட்டின் பறக்கும் நுனியும் சுற்றியுள்ள சுடர்வளையமான திருவாசியைத் தொடுகின்றன. பார்ப்பவருக்கு அது சுழற்சியின் வேகம். சிற்பிக்கு அது முட்டுக்கொடுத்த இடம். இரண்டும் ஒரே கோட்டில் முடிந்திருப்பதைத்தான் நாங்கள் அழகு என்போம். முட்டு தனியாக, முட்டாகவே தெரிந்தால் வேலை முடியவில்லை.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில், திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவர் இருக்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். அவர் சாய்ந்து நின்ற காளை இன்று இல்லை. வலக்கை வெற்றிடத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. ஆனால் இடுப்பின் வளைவும் தோளின் தளர்வும் மணிக்கட்டின் மடிப்பும் அங்கே ஒரு காளை இருப்பதை இன்னும் சொல்கின்றன. எடை எங்கே இறங்குகிறது என்று முதல் பதிலில் எழுதியதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. போகிறவர்கள் பின்னால் சென்று தலைக்கட்டையும் பார்க்கத் தவறாதீர்கள்.

கேள்வி: மரபுச் சிற்பி வெறும் கைவினைஞர், நவீனச் சிற்பிதான் கலைஞர் என்று ஒரு விவாதத்தில் கேட்டேன். உங்கள் கருத்து? (சென்னை வாசகர்)

மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்வோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அதற்குத் தாளமானம் என்ற சாஸ்திர அளவும் இல்லை, உருவத்தை வருணிக்கும் தியான சுலோகமும் இல்லை. ஆனால் நால்வரின் உடலும் சாய்ந்து ஒரே திசைக்கு எடையைக் கொண்டுபோகும் விதத்தில் நூல் பிடித்த கணக்கு இருக்கிறது. அதைக் கைவினை என்பீர்களா, கலை என்பீர்களா? அந்தப் பக்கம் குமரியில் 1.1.2000 அன்று திறந்த வள்ளுவர் சிலை. அதைச் செய்த கணபதி ஸ்தபதி மரபு வழி வந்தவர். பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் பீடமாகவும் மற்ற இரு பால்களின் அதிகாரங்கள் உருவமாகவும் நிற்கின்றன. வள்ளுவருக்கு எந்தச் சாஸ்திரத்திலும் அளவு கிடையாது. அந்த உருவத்தையும், அவ்வளவு உயரத்தில் இடுப்பில் அந்த மெல்லிய வளைவையும் அவர் புதிதாகத்தான் சிந்திக்க வேண்டியிருந்தது.

மரபில் சிற்பிக்குப் பெயரே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, 'குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன்' என்று பெயரோடு பேசுகிறது. மரபு, 'என்ன செய்வது' என்ற கேள்வியைச் சிற்பியின் தலையிலிருந்து இறக்கி வைத்தது; 'எப்படி' என்பதில் முழுக் கவனம் செல்ல அது வழிவிட்டது. நவீனம் இரண்டு சுமையையும் ஏற்றி வைக்கிறது. கனம் கூடுதல், சுதந்திரமும் கூடுதல். அளவைப் பின்பற்றிச் சோம்பலாகச் செய்த சிலையும், அளவை உடைத்துச் சோம்பலாகச் செய்த சிலையும் எங்களுக்கு ஒன்றுதான்.

கேள்வி: கணினி இயந்திரம் சிலை செதுக்கும்போது கை எதற்கு? (ஓசூர் வாசகர்)

மொத்தக் கல்லை இறக்க இயந்திரம் வரட்டும், தடையில்லை. மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட குடைவரைகளில் பாறை முகத்தில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் கட்டிகளை உடைத்து எடுத்த தடம் தெரியும். அன்றைக்குக் கிடைத்த மிக வேகமான வழி அது. அவர்களிடம் கிரைண்டர் இருந்திருந்தால் மறுத்திருப்பார்களா?

ஆனால் இயந்திரம், ஒரே மாதிரியை எல்லாக் கல்லிலும் போடும். கல்லின் மணி எங்கே இளகுகிறது, கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்துக் கன்னத்தை ஒரு நூல் திருப்பி வைப்பது கைக்குத்தான் தெரியும். இயந்திரம் விட்ட கடைசி 5 மி.மீ.யைக் கையால் முடித்தால் போதும்.

கிரைண்டர் பற்றிப் பேச்சு வந்ததால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. கருங்கல் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. 10 மைக்ரானுக்கும் சிறிய தூசி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும், சிலிக்கோசிஸ் வரும், வந்தால் திரும்பப் போகாது. முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். அதைவிட முக்கியம், தகடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருப்பது. கையுளி வேலையிலும் தூசி உண்டு. காற்றுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், தூசி உங்கள் முகத்தின் முன்னே சுழலும். காற்று பக்கவாட்டில் போகட்டும்.

கேள்வி: வீட்டிலிருக்கும் பழைய செப்பு விக்கிரகத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? (காரைக்குடி வாசகி)

பூசையில் தினமும் துலக்கும் புது விக்கிரகம் என்றால் உங்கள் விருப்பம். பழையது என்றால் வேண்டாம். புளியின் அமிலம், ஆண்டாண்டாகப் படிந்த காப்புப் படலத்தைக் கரைத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகத்தையும் கொண்டுபோகும். முதலில் மறைவது கண்ணிமையின் கோடு. மென்மையான தூரிகை, வெந்நீர், காரமில்லாத சோப்பு போதும். உடனே துடைத்து, இடுக்குகளில் ஈரம் நிற்காமல் உலர்த்துங்கள். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை. உப்பின் குளோரைடு உள்ளே வேலை செய்கிறது. உலர்ந்த பெட்டியில் வைத்துவிட்டு, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக்கூடம் உண்டு.

கல் சிலைகளை மணல் வீச்சால் சுத்தம் செய்வதும் இதே ரகம். தோல் உரிந்த கல், நீரைக் குடிக்கும். அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் உதிரும்.

கேள்வி: பசியும் வேலையின்மையும் இருக்கும் நாட்டில் சிலை எதற்கு? கலையால் யாருக்கு என்ன பயன்? (தருமபுரி வாசகர்)

உங்கள் ஊர்ப் பக்கமே பதில் நிற்கிறது. தருமபுரி, செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். ஆநிரை மீட்டு இறந்தவன், புலியோடு பொருது மடிந்தவன் என்று யார் யாருக்கோ நட்டவை. எடுத்தனூரில் ஒரு வீரனின் நடுகல்லில், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாயும் உண்டு; கோவிவன் என்று அதன் பெயரோடு. வசதியான ஊர்கள் இல்லை அவை. இருந்தும் கல் தேடி, செதுக்கி, நட்டார்கள்.

தொல்காப்பியம் இதற்கு ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. முதல் படியே கல்லைப் பார்ப்பது. செதுக்குவதற்கு என்று தனிப் படியே இல்லை என்பதைக் கவனியுங்கள். கல்லைத் தேர்ந்து, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் ஊர் மொத்தமும் பங்கெடுக்கிறது; சிற்பி அதில் ஒருவன். செதுக்கு வேலை பல கற்களில் முரடாகத்தான் இருக்கிறது. ஆனால் வில் எந்தக் கையில், அம்பு உடம்பில் எங்கே, பக்கத்தில் எந்த மாடு என்பதில் குழப்பம் இருக்காது. இறந்தவன் யார், எதற்காக இறந்தான் என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரிய வேண்டும், அதுதான் வேலை. அந்த வேலை ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் நடக்கிறது.

பசிக்கு இது மருந்தா என்றால், இல்லை. நாங்களும் அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

கேள்வி: வயது 34. எந்தப் பின்புலமும் இல்லை. கல் வேலை கற்க ஆசை. எங்கே தொடங்குவது? (விழுப்புரம் வாசகர்)

மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி நடக்கிறது. முறையாகப் படிக்க வேண்டுமானால் அங்கே சேர்க்கை விதிகளைக் கேளுங்கள். வேலையை விட முடியாது என்றால் ஒரு பட்டறையில் ஞாயிறுதோறும் உட்கார அனுமதி வாங்குங்கள். பிள்ளையார் செய்ய ஆசைப்பட வேண்டாம். ஓர் அடிச் சதுரக் கருங்கல் துண்டு ஒன்று, கூருளி இரண்டு, ஒரு கிலோ சுத்தியல் ஒன்று போதும். முதல் மூன்று மாதம் அந்தக் கல்லின் ஒரு முகத்தை மட்டம் செய்வதுதான் பாடம்.

முதலில் நான்கு ஓரங்களிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பொளிந்து, எதிரெதிர் ஓரங்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று இரண்டு சட்டங்களை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பிறகு நடுவை இறக்குங்கள். நேரான மட்டப்பலகையின் விளிம்பில் செங்காவியைக் குழைத்துத் தடவி, கல்லின் மேல் வைத்து லேசாக நகர்த்துங்கள். சிவப்பு ஒட்டும் இடம் மேடு. அதை மட்டும் தட்டுங்கள். துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். முதல் நாள் நாலைந்து இடத்தில்தான் சிவப்பு ஒட்டும். முழுப் பரப்பிலும் சீராகப் பொட்டுப் பொட்டாக விழத் தொடங்கியதும் எங்களுக்கு எழுதுங்கள்.